படத்தில் பார்த்த ஏரியா

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய தமிழ்ப் படங்களில் கிராமத்திலிருந்து ஒருவர் சென்னைக்கு வந்து இறங்கினால், இரண்டு கட்டடங்களைக் காட்டாமல் விடமாட்டார்கள். ஒன்று சென்ட்ரல் ரயில் நிலையம், இன்னொன்று அண்ணா சாலை எல்.ஐ.சி. 1959-ல் திறந்த கட்டடம் அது. அதைவிட உயரமானவை இன்று நகரம் முழுக்க வந்துவிட்டன. ஆனாலும் 'பட்டணம் வந்தாச்சு' என்று சொல்ல எல்.ஐ.சி. போதும். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. சென்ட்ரல் வந்தது அதற்குப் பதினேழு வருஷம் கழித்து. ராயபுரம் நிலையம் இன்றும் நிற்கிறது, ஆனால் பெட்டியோடு அங்கே வந்து இறங்கிய கதாநாயகன் யாரும் என் நினைவில் இல்லை.

ராயபுரத்துக்கும் சினிமாவில் இடம் உண்டு. அது வேறு மாதிரி இடம்.

நான் குடியிருப்பது ராயபுரம் இருக்கிற அதே வடசென்னையில். பிழைப்பு பத்திரிகை. புதிதாகப் பழகுகிறவர்களிடம் ஏரியா பேரைச் சொன்னால், "அங்கல்லாம் நைட்ல போலாமா சார்?" என்று கேட்பார்கள். கேட்கிறவர் ஸ்டான்லி ஆஸ்பத்திரியைத் தாண்டி வந்திருக்கமாட்டார். படத்தில் பார்த்திருப்பார்: மஞ்சள் விளக்கு, ஈரச் சந்து, கையில் கத்தியோடு ஓடுகிற நாலு பேர், நடுவில் ஒரு கானா. அந்தக் கானா சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து, போனவரை நினைத்துப் பாடுகிற பாட்டாகவும் இருந்தது, இருக்கிறது. திரைக்கு வரும்போது பெரும்பாலும் கையில் பாட்டிலோடுதான் வருகிறது.

சினிமாக்காரர்களைத் திட்ட நான் இங்கே வரவில்லை. கதை சொல்வது அவர்கள் தொழில், இந்தப் பகுதியை மரியாதையாகக் காட்டிய படங்களும் உண்டு. என் வருத்தமெல்லாம் எங்கள் செய்தித் தொழில் ஆட்கள்மேல்தான். சினிமா முதலில் வந்து ஓர் இடத்துக்கு வெளிச்சம் போட்டுவிட்டுப் போகிறது. பின்னாலேயே நியூஸ் கேமரா வந்து அதே வெளிச்சத்தைத் தேடுகிறது.

பிளஸ் டூ ரிசல்ட் அன்று நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் நல்ல மார்க் வாங்கிய பெண்ணைப் பேட்டி எடுக்க ஒரு சேனல் வண்டி வந்தது. பள்ளி இருப்பது அகலமான ரோட்டில், வாசலில் பெரிய மரம். கேமராமேன் சுற்றிமுற்றிப் பார்த்தார். "இங்க வேணாம், கொஞ்சம் குறுகலா சந்து எதுனா இருக்காண்ணே? டெஸ்க்ல விஷுவல் கேப்பாங்க" என்றார். சந்து கிடைத்தது. துணி காய்கிற கொடிக்குக் கீழே அந்தப் பெண்ணை நிறுத்தினார்கள். அவள் வீடு அந்தச் சந்திலேயே இல்லை. ஒளிபரப்பானபோது பின்னணியில் சோக வயலின் வேறு. அந்தப் பிள்ளை பேட்டி முழுக்கச் சிரித்துக்கொண்டுதான் பேசினாள்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கி வந்தார். ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்றிலும். அப்போது நான் பார்த்த தலைப்புகளில் பெரும்பாலும் 'ஆட்டோ ஓட்டுநரின் மகள்'. தப்பில்லை, உண்மைதான். ஆனால் அந்தப் பெண் எப்படி ஆடுகிறார் என்று சொன்ன ஒரு செய்தி என் கண்ணில் படவில்லை. தடகள வீரர் ஜெயித்தால் எத்தனை நொடி என்று சொல்கிறோம். கேரமில் ஜெயித்தால் அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று சொல்கிறோம். இத்தனைக்கும் சென்னைக்கு இது புதிதில்லை. உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் 1996-லேயே அர்ஜுனா விருது வாங்கியவர்.

எங்கள் பக்கத்துக் கேரம் கிளப்பை வந்து பாருங்கள். பலகைக்கு நேர்மேலே நெற்றியில் இடிக்காத உயரத்தில் பல்பு தொங்கும். நிழல் விழக்கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. பவுடரைத் தூவி, உள்ளங்கையால் ஒரு தேய். ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. ரெட், அதாவது சிவப்புக் காய், குழியில் விழுந்தால் மட்டும் ஆச்சா? ஃபாலோ போடவேண்டும், அதாவது கூடவே தன் காய் ஒன்றையும் போடவேண்டும், இல்லாவிட்டால் ரெட் திரும்பப் பலகைக்கு வந்துவிடும். சுற்றி நிற்கிற கூட்டத்தில் மீன் ஏலம் விடுகிறவர் இருப்பார், துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர் இருப்பார். நாள் முழுக்கக் கத்திப் பிழைக்கிறவர்கள் அந்த ஒரு காய்க்காக வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். ஃபாலோ விழுந்ததும் எழும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். கத்தி மட்டும் இதுவரை நான் பார்த்ததில்லை.

விஷுவல் இருந்தால் செய்தி, தீர்ந்தால் செய்தியும் தீர்ந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியதே, நினைவிருக்கிறதா? மீனவர்கள் படகில் உட்கார்ந்து மக்கிலும் வாளியிலும் அள்ளினார்கள். கறுத்துப்போன படகும் எண்ணெய் அப்பிய பறவையும் எல்லாத் திரையிலும் வந்தன. அதே மாதக் கடைசியில் அங்கேயே அமோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நடுராத்திரியில் மூச்சு முட்ட வெளியே ஓடினார்கள். அமோனியாவுக்கு நிறம் கிடையாது. எண்ணெய் அளவுக்கு அதைத் திரையில் பார்க்கமுடியவில்லை.

வானொலிக்கு இந்தத் தொல்லை இல்லை. மஞ்சள் விளக்கும் சந்தும் இங்கே செல்லாது, பேசுகிறவர் என்ன பேசுகிறார் என்பதுதான் கணக்கு. சேப்பாக்கத்துக் கிரிக்கெட்டை அப்துல் ஜப்பார் தமிழில் வர்ணிக்க, டீக்கடை வாசலில் நின்று கேட்ட தலைமுறை இன்னும் இருக்கிறது. பந்து எங்கே விழுந்தது, ஃபீல்டர் எங்கே நிற்கிறார், எல்லாம் காதாலேயே தெரிந்தது.

1938-லிருந்து பேசிக்கொண்டிருக்கும் இந்தச் சென்னை வானொலி நிலையத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வண்ணாரப்பேட்டையிலோ வியாசர்பாடியிலோ அடுத்த கேரம் போட்டி நடக்கும்போது ஒரு மைக்கை அனுப்புங்கள், நேர்முக வர்ணனை செய்யலாம். வர்ணனையாளர் வேண்டுமென்றால் எங்கள் கிளப்பிலேயே ஆள் இருக்கிறார்கள். அவர்களைப் பேசாமல் இருக்க வைப்பதுதான் கஷ்டம்.

நன்றி, வணக்கம்.