கால் காவல், வாய் காவல்

(பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சனிக்கிழமை மாலை பேசியது)

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் கூடைப்பந்தைப் பற்றித் தமிழில் பேசினால் யார் வருவார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போதவில்லை. வடைக்காக வந்தவர்களும் இருக்கலாம், பரவாயில்லை.

ஆட்டத்தில் பந்து போடுகிறவரைத்தான் பார்க்கிறோம். தடுக்கிறவரைப் பார்த்தாலும் அவர் கையைத்தான் பார்க்கிறோம். ஆனால் தற்காப்பு காலில் தொடங்குகிறது. முட்டியை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, எதிராளிக்கும் கூடைக்கும் நடுவில் நில்லுங்கள். கால்கள் பின்னாமல் பக்கவாட்டில் நகருங்கள். அவன் கண்ணைப் பார்த்தால் ஏமாந்தோம். தலையும் தோளும் பொய் சொல்லும்; இடுப்பு போகிற பக்கம்தான் ஆளும் போவான். கையை வீசினால் ஃபவுல். அனைத்துலக விதிப்படி ஐந்தாவது ஃபவுலோடு வெளியே உட்கார வேண்டியதுதான்.

சரி, இது பாதிதான். 28 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலத் திடலில் வேகக்காரன் ஒருவனைத் தனியாளாக மறித்து நிறுத்துவது பெரும்பாடு. அதனால் கெட்டிக்காரர் அவனை ஓரக்கோட்டுப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போவார். கோட்டை மிதித்தால் பந்து நமக்கு. 24 நொடிக்குள் எறிந்தாக வேண்டிய ஆட்டம், தாமதமும் நமக்கு லாபம். அப்படியும் உள்ளே புகுந்துவிட்டால்? சடுகுடுவில் பாடி வருகிறவன் ஒரு மூலைக்குப் போனால் கைகோத்த சங்கிலி முழுவதும் அந்தப் பக்கம் வளைகிறதல்லவா, அதேதான். பந்து இல்லாத பக்கத்தில் நிற்பவர் தன் ஆளை விட்டுக் கூடைக்கு முன்னால் வருவார். அவர் விட்ட ஆளை அடுத்தவர் பார்த்துக்கொள்வார். பந்து போய்ச் சேர்ந்த பிறகு ஓடிப் பயனில்லை; காற்றில் இருக்கும்போதே ஐந்து பேரும் நகர்ந்திருக்க வேண்டும்.

இதற்கு வாய் வேண்டும். எதிரணிக்காரர் ஒருவர் சத்தமில்லாமல் வந்து உங்கள் பக்கத்தில் தூண் மாதிரி நிற்பார். அதுதான் ஸ்கிரீன். உங்களுக்குத் தெரியாது, பின்னால் நிற்கும் கூட்டாளிக்குத் தெரியும். பள்ளி நாளில் எங்கள் அணியில் மூன்று சீனப் பையன்கள், ஒரு மலாய்ப் பையன், நான். பதற்றத்தில் நான் "இடது பக்கம்டா!" என்று தமிழில் கத்துவேன். மோதி விழுந்தவன் எழுந்து என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அப்புறம்தான் மலாயிலேயே கத்துவோம், இடப்பக்கத்துக்கு கிரி, வலப்பக்கத்துக்கு கானான் என்று முடிவு செய்தோம்.

அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியில் ஆடிய பில் ரஸல் 13 பருவங்களில் 11 முறை வாகை சூடியவர். எதிராளி எறிகிற பந்தைத் தட்டும்போது பார்வையாளர் கூட்டத்துக்குள் அறையமாட்டார், கூட்டாளி எடுக்கிற மாதிரித் தட்டுவார். வெளியே அறைந்தால் கைதட்டல் நமக்கு, பந்து அவர்களுக்கு. அவர் எத்தனை தடுத்தார் என்று கேட்காதீர்கள். அவர் ஆடிய அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்பிஏ அந்தக் கணக்கை எழுதத் தொடங்கியதே 1973-74 பருவத்தில். அவர் 1969இல் ஓய்வு பெற்றுவிட்டார். புள்ளியை எண்ணினார்கள், தடுத்ததை எண்ணவில்லை, எனக்கு அதில் இன்னும் கோபம்.

முன் வரிசைத் தம்பிகள் இரண்டு பேர் மேடைக்கு வாங்க. ஒருவர் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவர் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தடுக்கப்போகிறார். செருப்பைக் கழற்றிட்டு வாப்பா, வழுக்கும்.