சுண்டைக்காய் கால் பணம்: தீபாவளி பட்ஜெட் எங்கே ஒழுகுகிறது?

[திரையில்: சாப்பாட்டு மேஜை. கசங்கிய பில்கள். நடுவில் ஒரு காலண்டர் தாள்.]

வணக்கம். இது தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம். போன தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் நான் எழுதிய கணக்கு இதில் இருக்கிறது. அம்மாவுக்குப் புடவை 2,000. மாமியாருக்குப் புடவை 2,000. அக்கா பிள்ளைகள் இருவருக்கும் துணி 2,500. தங்கைக்குச் சுடிதார் 1,500. வீட்டு வேலைக்கு வருபவருக்குப் புடவை 1,000. சொந்தக்காரர்களுக்கு ஸ்வீட் 2,000. மொத்தம் 11,000 ரூபாய்.

பண்டிகை முடிந்து பில்களைக் கூட்டினேன். 15,460 வந்தது.

புடவை விலை ஏறிவிட்டது, அதுதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். ஒவ்வொரு பில்லாகப் பிரித்துப் பார்த்தால் கதை வேறு. தாளில் இருந்த ஆறு வரிகளுக்கும் சேர்த்துக் கூடுதலாகப் போனது வெறும் 650 ரூபாய். மீதி 3,810 ரூபாயும் தாளில் பெயரே இல்லாத சாமான்களுக்குப் போயிருக்கிறது. அதில் ஒரு பொருள்கூட 500 ரூபாயைத் தொடவில்லை.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்களே, அந்தச் சுமைகூலியைத்தான் இந்த வீடியோவில் தேடப்போகிறோம்.

[திரையில்: மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து ரங்கநாதன் தெரு. தலைகள், கட்டைப்பைகள்.]

தி.நகரில் தீபாவளி ஜவுளி எடுத்தவர்களுக்கு இந்தத் தெருவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாம் நடக்கிறோம் என்று சொல்லவே முடியாது, கூட்டம் நம்மைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் பெரிய செலவில் நாம் ஏமாறுவதில்லை. 2,000 ரூபாய்ப் புடவை என்றால் இருபது புடவையை விரிக்கச் சொல்வோம். வெளிச்சத்தில் நிறம் பார்ப்போம். வீட்டுக்கு போட்டோ அனுப்பிக் கேட்போம். ஒரு மணி நேரம் போகும். சரி, இதை எடுத்துக்கலாம் என்று முடிவாகி பில் போடும்போது, விற்பனைப் பெண் சாதாரணமாக ஒரு வரி சொல்கிறார்:

"அக்கா, இதுக்கு மேட்சிங் ஃபால்ஸ், லைனிங் கீழ ஃப்ளோர்ல இருக்கு. உள்பாவாடையும் இந்தக் கலர்ல இன்னைக்கு விட்டா கிடைக்காது."

என் மனைவி என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஃபால்ஸ் 60, லைனிங் 90, உள்பாவாடை 250. 400 ரூபாய்க்கு நாங்கள் யோசித்த நேரம் மாடிப்படி இறங்கிய நேரம்தான். இதே நாங்கள் காய்கறிக் கடையில் பத்து ரூபாய்க்கு மல்லுக்கு நிற்கிறவர்கள்.

இது ஏன் என்று 1981-லேயே ஒரு ஆய்வு வந்திருக்கிறது. அமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. ஒரு கூட்டத்திடம் கேட்டார்கள்: நீங்கள் வாங்கப்போகும் கால்குலேட்டர் 15 டாலர், இருபது நிமிடத் தூரத்தில் உள்ள இன்னொரு கடையில் 10 டாலர், போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். இன்னொரு கூட்டத்துக்கு விலையை மட்டும் மாற்றினார்கள். இங்கே 125 டாலர், அங்கே 120. மிச்சமாவது அதே 5 டாலர்தான். இப்போது போவோம் என்றவர்கள் 29 சதவீதம்.

அதாவது 90 ரூபாயை 90 ரூபாயாக நாம் பார்ப்பதில்லை, பக்கத்தில் கிடக்கும் 2,000 ரூபாயோடு ஒப்பிட்டுப் பார்க்கிறோம். கீரைக்கட்டு வாங்கும்போது பெரிதாகத் தெரிகிற பத்து ரூபாய், பட்டுப்புடவை பக்கத்தில் தூசாகிவிடுகிறது. அதனால்தான் உதிரிச் சாமான்கள் பெரிய பொருளுக்குப் பின்னால் வருகின்றன. யாரும் முதலில் ஃபால்ஸைக் காட்டிவிட்டு அப்புறம் புடவையைக் காட்டுவதில்லை.

[திரையில்: டெலிவரி கவுண்டர். வரிசையில் நிற்கும் குடும்பங்கள்.]

அடுத்தது காத்திருக்கும் நேரம். பெரிய ஜவுளிக்கடைகளில் பில் ஒரு இடம், பணம் கட்டுவது ஒரு இடம், பையை வாங்குவது இன்னொரு இடம். டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றோம். கைக்கெட்டும் தூரத்தில் கிளிப், பொட்டு அட்டை, வளையல், பிள்ளைகளின் சாக்ஸ். தங்கை சுடிதாருக்கு இந்த வளையல் பொருந்தும் என்று தோன்றியது அந்த வரிசையில்தான். வீட்டில் அது யாருக்கும் தோன்றவில்லை.

அப்புறம் அந்த இலவசம். 5,000 ரூபாய்க்கு மேல் வாங்கினால் பரிசு என்று போர்டு. எங்கள் பில் 4,600-ஐத் தாண்டி நின்றது. 480 ரூபாய்க்கு ஒரு துண்டு செட் எடுத்துக் கணக்கை நிரப்பினோம். பரிசாக ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்தார்கள். இதில் கடைக்காரரைத் திட்ட எனக்கு மனமில்லை. போர்டைப் படித்துவிட்டு, "இன்னும் நானூறு ரூபா தானே" என்று சொன்னது நான்.

இவ்வளவும் கடைக்குள் நடந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது கடைக்கு வெளியே இருக்கும் காரணம். நமக்காக வாங்கும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறார், நாமேதான் அந்த ஆள். அடுத்தவருக்கு வாங்கும்போது அந்த ஆள் வாயை மூடிக்கொள்கிறார். அம்மாவுக்கு வாங்கும் உள்பாவாடையில் கணக்குப் பார்ப்பதா?

அதோடு நம் வீடுகளில் ஈடு பார்க்கிற பழக்கம் உண்டு. அம்மா புடவைக்கு 400 செலவழித்தால் மாமியார் புடவைக்கும் 400. மூத்த பையனுக்கு ஒரு விளையாட்டு வாட்ச் எடுத்தால் இளையவனுக்கும் அதே நிறத்தில் இன்னொன்று. சின்னச் செலவு ஒன்று நுழைந்தால் அது தனியாக நுழைவதில்லை, ஜோடியோடு வருகிறது. தலை தீபாவளி இருக்கும் வீடு என்றால் கேட்கவே வேண்டாம். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை பட்டியலில் இருக்கும். அதை வைத்துக் கொடுக்கும் தட்டு, அலங்காரக் காகிதம், மாப்பிள்ளையின் தம்பிக்கு "சும்மா ஒரு சட்டை" எதுவும் இருக்காது.

ஸ்வீட்டிலும் இதேதான். எதிர்வீட்டுக்காரர் ஒரு பெட்டியோடு வந்து நின்றால் வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி ஓடிப்போய் 450 ரூபாய்க்குக் கூடுதலாக வாங்கினேன்.

[திரையில்: 500 ரூபாய் நோட்டு ஒன்று. பக்கத்தில் க்யூஆர் அட்டை.]

பணம் கட்டுகிற விதத்தையும் பார்க்க வேண்டும். 2009-ல் பிரியா ரகுபீர், ஜாய்தீப் ஸ்ரீவஸ்தவா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். ஒரே தொகைதான். ஒரே நோட்டாகக் கையில் இருந்தால் மக்கள் செலவழிக்கத் தயங்குகிறார்கள், சில்லறையாக இருந்தால் சட்டென்று செலவழித்துவிடுகிறார்கள். நம் பாட்டிகள் முந்தானை முடிச்சில் நோட்டை மாற்றாமல் வைத்திருந்தது இதற்குத்தான் போலிருக்கிறது. 2016-ல் யுபிஐ வந்தது. இப்போது மாற்ற வேண்டிய நோட்டே கிடையாது. போனில் இருக்கும் பணம் முழுக்க சில்லறைதான் என்பது என் கணிப்பு.

சரி, என்ன செய்யலாம்? உதிரி எதுவும் வாங்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. லைனிங் இல்லாமல் ரவிக்கை தைக்க முடியாது. ஆட்டோ இல்லாமல் ஐந்து பையோடு வீடு வர முடியாது. அவை தேவையான செலவுகள்தான். பட்டியலில் அவற்றுக்குப் பெயர் இல்லை என்பதுதான் கோளாறு.

இந்த வருடத் தாளில் புடவை 2,000 என்று எழுதவில்லை. புடவை 2,000, கூடவே 400 என்று எழுதியிருக்கிறேன். தைத்துக் கட்டுகிற வரைக்கும் ஆகும் செலவு அது. ஸ்வீட்டில் பெயர் இல்லாத இரண்டு பெட்டிகளுக்கு ஒரு வரி. வழியில் டிபன், ஆட்டோவுக்கு ஒரு வரி. அதற்கு மேல் உதிரிக்கு 500 ரூபாய் நோட்டு மூன்று, தனிக் கவரில். வளையலோ வாட்ச்சோ, போனை எடுக்காமல் அந்தக் கவரிலிருந்துதான் வாங்க வேண்டும் என்று மனைவியும் நானும் பேசிக்கொண்டோம். மொத்தப் பட்ஜெட் ஏறியிருக்கிறது, மறைக்கவில்லை. 11,000 என்று எழுதியதுதான் முதலிலேயே பொய்.

[திரையில்: பில்களை ஒவ்வொன்றாக மடித்து உள்ளே வைக்கும் கை.]

பழைய பில்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அந்த 480 ரூபாய்க்குக் கிடைத்த இலவச டப்பாவில்தான் போட்டு வைத்திருக்கிறேன். மூடி சரியாக மூடாது.