நீலகிரியிலிருந்து ஸ்பீச் பேத்தாலஜி மேற்படிப்பு: எந்தக் கல்லூரி, எதைப் பார்த்து?

[காட்சி: ஊட்டி பேருந்து நிலையம், காலை நேரம். மைசூர், கோவை, கூடலூர் பலகைகள். பிறகு தலைப்பு.]

வணக்கம். பி.ஏ.எஸ்.எல்.பி., அதாவது பேச்சு, காது கேட்டல் பிரச்சினைகளைப் பார்க்கறதுக்கான இளங்கலைப் படிப்போட கடைசி வருஷ இன்டர்ன்ஷிப்ல இருக்கீங்க. அடுத்து மேற்படிப்புன்னு முடிவும் பண்ணிட்டீங்க. மைசூரா, சென்னையா, திருவனந்தபுரமா, இல்ல நேரா வெளிநாடான்னு வீட்டுல தினமும் பேச்சு ஓடிட்டிருக்கும். குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்னு நம்ம மலையில இருந்து இந்தத் துறைக்குப் போற பிள்ளைகளையும் அவங்க அப்பா அம்மாவையும் மனசுல வெச்சுத்தான் இந்த வீடியோ.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். கல்லூரியோட பேரு, கட்டடம், விளம்பரம் எல்லாம் அப்புறம். அந்தக் கல்லூரியோட கிளினிக் வாசல்ல தினமும் யாரு வந்து உட்கார்றாங்கன்னு பாருங்க. என்ன வயசு, என்ன பிரச்சினை, வீட்டுல என்ன மொழி. ரெண்டு வருஷம் உங்களுக்குத் தொழில் கத்துக்கொடுக்கப் போறது அவங்கதான்.

ஆனா அதுக்கும் முன்னாடி சட்ட விஷயம் ஒண்ணு இருக்கு. இதுல தவறிட்டா ரெண்டு வருஷமும் பணமும் வீண்.

[திரையில்: இந்திய மறுவாழ்வு கவுன்சில் – 1992 சட்டம்]

இந்தியாவுல இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்தறது இந்திய மறுவாழ்வு கவுன்சில், நாம ஆர்.சி.ஐ.னு சொல்றது. 1992-ல வந்த சட்டம். அந்தக் கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பை முடிச்சு, மத்தியப் பதிவேட்டுல பேரு ஏறினாத்தான் ஒருத்தருக்குச் சிகிச்சை கொடுக்க முடியும். பதிவு இல்லாம தொழில் பண்ணினா ஒரு வருஷம் வரைக்கும் சிறைத்தண்டனைக்குச் சட்டத்துல இடம் இருக்கு. இந்த அங்கீகாரம் கல்லூரிக்கு மொத்தமா கொடுக்கறது இல்ல. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியா, குறிப்பிட்ட காலத்துக்கு, இத்தனை இடம்னு கணக்குப் போட்டுக் கொடுப்பாங்க. அதனால "எங்க காலேஜுக்கு ஆர்.சி.ஐ. இருக்கு"ன்னு அலுவலகத்துல சொன்னா அதோட விட்டுடாதீங்க. நீங்க சேரப் போற அதே படிப்புக்கு, நீங்க சேரப் போற அதே கல்வியாண்டுக்கு அனுமதி இருக்கான்னு கவுன்சிலோட இணையதளப் பட்டியல்ல நீங்களே தேடிப் பாருங்க.

இன்னொண்ணு. சைக்காலஜி, மொழியியல், நர்சிங் படிச்சவங்க நேரா இந்த மேற்படிப்புல சேரலாமான்னு கேட்கறாங்க. இந்தியாவுல முடியாது. பி.ஏ.எஸ்.எல்.பி. முடிச்சிருக்கணும். மூணு வருஷப் படிப்பு, ஒரு வருஷ இன்டர்ன்ஷிப், மொத்தம் நாலு. ஒரு வருஷ டிப்ளமோவா டி.எச்.எல்.எஸ்.னு ஒண்ணு இருக்கு. நல்ல படிப்புதான், அதுக்கான வேலையும் இருக்கு. ஆனா அது பட்டத்துக்கு ஈடு ஆகாது, அதை வெச்சு எம்.எஸ்சி. போக முடியாது.

[காட்சி: இரண்டாகப் பிரியும் பாதை. ஒரு பக்கம் காது, ஒரு பக்கம் வாய்.]

சரி, எம்.எஸ்சி.யில எது? பல இடத்துல பேச்சு, மொழியைப் பார்க்கற ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி தனி, காது கேட்கறதைப் பார்க்கற ஆடியாலஜி தனின்னு பிரிச்சாச்சு. சில கல்லூரியில ரெண்டும் சேர்ந்த எம்.ஏ.எஸ்.எல்.பி. உண்டு. மலையில வேலை பார்க்கப் போறவங்களுக்கு இது சாதாரணக் கேள்வி இல்ல. சென்னையில காது பரிசோதனைக்கு ஒருத்தர், பேச்சுப் பயிற்சிக்கு ஒருத்தர்னு இருப்பாங்க. இங்க வர்ற குழந்தைக்கு ரெண்டையும் நீங்களேதான் பார்க்கணும். ரெண்டு வயசு ஆகியும் பேசலைன்னு ஒரு அம்மா தூக்கிட்டு வந்தா, முதல் கேள்வியே காது கேட்குதா இல்லையாங்கறதுதான். ஸ்பீச்சை எடுத்துப் படிச்சாலும் பி.ஏ.எஸ்.எல்.பி.யில கத்துக்கிட்ட ஆடியாலஜி உங்களை விட்டுப் போகாது, அந்தத் தகுதியும் போகாது. ஆனா ரெண்டு வருஷம் தொடாம இருந்தா கை மறந்துடும். ஸ்பீச் படிக்கற மாணவரை ஆடியாலஜி கிளினிக்குக்கும் அனுப்பற கல்லூரியா இருந்தா நமக்கு ரொம்ப நல்லது.

இனி கிளினிக்குக்கு வருவோம். இந்த இடத்துல கொஞ்சம் நேரம் எடுத்துக்கறேன்.

[காட்சி: நீலகிரி மாவட்ட வரைபடம். ஒவ்வொரு பகுதியிலும் பேசும் மொழிகள் எழுத்தில் தோன்றுகின்றன.]

நம்ம மாவட்டத்தைப் பாருங்க. படுகர் ஊர்ல வீட்டுக்குள்ள படுகு, கடைத்தெருவுல தமிழ், பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் மலையாளம். தேயிலைத் தோட்ட லைன்ல 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கையில இருந்து வந்து குடியேறின குடும்பங்களோட தமிழ். தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் பேசற மொழிகள். தமிழ்நாட்டுல பி.வி.டி.ஜி., அதாவது ரொம்ப நலிவடைஞ்ச பழங்குடிகள்னு பட்டியல் போட்டிருக்கற ஆறு பழங்குடிகளும் இந்த ஒரு மாவட்டத்துல இருக்காங்க. இத்தனை சின்ன இடத்துல இத்தனை மொழி வேற எங்க இருக்கு?

தோடர் மொழியில நாக்கு நடுங்கற ரகர ஒலி மட்டும் மூணு இடத்துல பிறக்குது. காத்து உரசிக்கிட்டு வர்ற லகரமும் உண்டு, தமிழ்ல அது கிடையாது. அந்த வீட்டுக் குழந்தை தமிழ்ல பேசும்போது அந்தச் சாயல் வரத்தான் செய்யும். அதைக் குறைபாடுன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டா அந்தக் குழந்தைக்கு நாம பண்றது அநியாயம். தமிழ்நாட்டுல எத்தனையோ ஊர்ல பெரியவங்களே ழகரத்தை ளகரமாச் சொல்றாங்க. அதே ஊர்க் குழந்தை "வாளைப்பளம்"னு சொன்னா அது பேச்சுக் குறைபாடு இல்ல, ஊர் வழக்கு. இது எது, அது எதுன்னு பிரிச்சுப் பார்க்கற கண்ணு பாடப் புத்தகத்துல வராது. பல மொழிக்காரங்க வர்ற கிளினிக்ல, விஷயம் தெரிஞ்ச மேற்பார்வையாளர் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தாத்தான் வரும்.

பெரியவங்களுக்கும் இதேதான். பக்கவாதம் வந்து பேச்சு போன ஒரு படுகர் தாத்தாவுக்கு மூணு மொழி இருந்திருக்கும். மூணும் ஒரே மாதிரி திரும்பி வரணும்னு இல்ல. படுகுல பேத்தி பேரைச் சொல்லிடுவாரு, தமிழ்ல டம்ளரைக் காட்டினா வார்த்தை வராது. தமிழ்ல மட்டும் சோதிச்சுப் பார்த்துட்டு, இவருக்கு இவ்வளவுதான் வரும்னு முடிவு கட்டிட முடியுமா? அதனால கல்லூரிக்கு போன் பண்ணும்போது இதைக் கேளுங்க: நீங்க பயன்படுத்தற சோதனைகள் எந்த மொழியில இருக்கு? மாணவருக்குத் தெரியாத மொழிக்காரர் வந்தா எப்படிப் பார்க்கறீங்க, வீட்டு ஆளை எப்படிச் சேர்த்துக்கறீங்க? தெளிவா பதில் சொல்றவங்க அந்த வேலையைச் செஞ்சுட்டிருக்கறவங்களா இருப்பாங்க.

அடுத்து விழுங்குதல். நம்ம துறைக்காரங்கதான் இதைப் பார்க்கறாங்கன்னு நிறைய டாக்டர்களுக்கே தெரியாது. பக்கவாதத்துக்கு அப்புறம், தலைக்காயத்துக்கு அப்புறம், தொண்டைப் புற்றுநோய் சிகிச்சைக்கு அப்புறம் சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போய் நிமோனியா ஆகி உயிரே போகலாம். இதை நல்லா கத்துக்க கல்லூரியோட ஒரு பெரிய ஆஸ்பத்திரி ஒட்டியிருக்கணும். நியூரோ ஐ.சி.யூ. இருக்கணும். மூக்கு வழியா சின்ன கேமரா விட்டுப் பார்க்கற சோதனையும், எக்ஸ்ரே வீடியோவுல விழுங்கறதைப் பார்க்கற சோதனையும் அங்க நடக்கணும். கருவி இருக்கான்னு கேட்டா எல்லாரும் இருக்குன்னுதான் சொல்வாங்க. மாணவர் கையில அது வருமா, வாரத்துக்கு எத்தனை பேருக்கு நடக்குதுன்னு கேளுங்க.

ஒரு மேற்பார்வையாளருக்கு எத்தனை மாணவர், ஒரு குழந்தையைச் சுத்தி எத்தனை பேர் நோட்டுப் புத்தகத்தோட நிக்கறாங்கங்கறதையும் விசாரிச்சுக்கங்க. இதைக் கல்லூரிக்காரங்க சொல்றதை விட இப்ப அங்க படிக்கற அக்கா, அண்ணன்கள் சரியாச் சொல்வாங்க.

[காட்சி: மலைப்பாதையில் இறங்கும் பேருந்து.]

மலையில இன்னொரு கஷ்டம் தூரம். குந்தாவுல இருந்து ஒரு அம்மா வாரத்துக்கு ரெண்டு நாள் கோயம்புத்தூர் போய் ஸ்பீச் தெரபி எடுக்கணும்னா, தோட்டத்துல ரெண்டு நாள் கூலி போச்சு. ரெண்டு மாசத்துல நிறுத்திடுவாங்க. அவங்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. இந்த ஊருக்கு வேண்டிய தெரபிஸ்ட், அம்மாவுக்கும் பாட்டிக்கும் அங்கன்வாடி ஊழியருக்கும் சொல்லிக்கொடுத்து வீட்டுலயே பயிற்சி நடக்க வைக்கத் தெரிஞ்சவங்க. சென்னை போரூர்ல இருக்கற ஸ்ரீ ராமச்சந்திரா, திருவண்ணாமலை மாவட்டத்துல அண்ணப்பிளவோட, அதாவது மேல்வாய் பிளந்து பிறந்த குழந்தைகளுக்காக உள்ளூர் ஊழியர்களைத் தயார் பண்ணிப் பேச்சுப் பயிற்சி கொடுத்த வேலையைப் பற்றிப் படிச்சுப் பாருங்க. நம்ம மலைக்கு அப்படியே பொருந்தற மாதிரி. இப்படிச் சமூகத்துக்குள்ள போய் வேலை செய்யற பழக்கம், காணொளி வழியா தெரபி கொடுக்கற பழக்கம் ரெண்டும் பாடத்திட்டத்துல இருக்கான்னு பாருங்க.

இப்ப சில இடங்களைச் சொல்றேன். தரவரிசைன்னு எடுத்துக்காதீங்க.

[திரையில்: மைசூர் மானசகங்கோத்ரி]

நமக்குப் பக்கத்துல இருக்கறதுலயே பெரிசு மைசூர் ஐஷ், அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனம். 1965-ல ஆரம்பிச்சது, மத்திய சுகாதார அமைச்சகத்தோடது. நுழைவுத் தேர்வு உண்டு. போட்டி கடுமை, ஆனா தனியாரை விடக் கட்டணம் குறைவு. ஆராய்ச்சியில ஆர்வம் இருந்தா இதை முதல்ல வைக்கலாம். கிளினிக்ல கன்னடம்தான் முக்கியமா ஓடும். படுகு பேசறவங்களுக்குக் கன்னடம் சீக்கிரம் பிடிபடும், கூடலூர்க்காரங்களுக்கும் காது பழகியிருக்கும். கோத்தகிரியில தமிழ் மட்டுமே பேசி வளர்ந்தவங்க கொஞ்சம் யோசிக்கணும். ஊருக்கு வந்து போறதுக்கு ஒரு குறிப்பு: பந்திப்பூர் காட்டுப்பாதை ராத்திரி 9 மணியில இருந்து காலை 6 வரைக்கும் மூடியிருக்கும்.

சென்னையில ஸ்ரீ ராமச்சந்திராவைச் சொன்னேன், எல்லாத் துறையும் இருக்கற பெரிய ஆஸ்பத்திரியோட சேர்ந்தது. மெர்ஃப் நிறுவனம் காது மூக்குத் தொண்டை ஆராய்ச்சி மையத்தோட இணைஞ்சது, காக்ளியர் இம்பிளான்ட், அதாவது ஆபரேஷன் பண்ணி உள்காதுல வைக்கற கேட்புக் கருவி போட்ட குழந்தைகளோட வேலை செய்ய ஆசைப்படறவங்களுக்கு ஏத்த இடம். திருவனந்தபுரம் நிஷ், 1997-ல தொடங்கினது, காது கேளாத சின்னக் குழந்தைகளுக்கான ஆரம்பப் பயிற்சியில நல்ல அனுபவம் உள்ள இடம். ஷொரணூர் இக்கான்ஸ் மூளை நரம்பு சார்ந்த பேச்சுப் பிரச்சினைகளுக்குன்னே இருக்கு. கூடலூர்ல இருந்து நாடுகாணி இறங்கி நிலம்பூர் போனா அங்கிருந்து ஷொரணூருக்கு ரயில் இருக்கு. அங்க படிக்காட்டியும் ஒருமுறை போய்ப் பார்த்துட்டு வாங்க.

ஆய்வேட்டைப் பற்றியும் சேரும் முன்னாடியே கேட்டுடுங்க: எங்க ஊருக்கு வந்து தரவு எடுக்க விடுவீங்களா? படுகுக் குழந்தை எந்த வயசுல எந்த ஒலியைச் சொல்லும்னு கணக்கு இருந்தா எவ்வளவு தெரபிஸ்டுக்கு உதவும்! ஒரு மாணவரோட ஆய்வேடு அந்த வேலையைத் தொடங்கி வைக்கலாம். அதைக் கேட்டதும் முகம் மலர்ற பேராசிரியர் இருக்கற துறையில சேருங்க.

[திரையில்: வெளிநாடு]

வெளிநாட்டுல கதை வேற. அமெரிக்காவுல இந்தத் தொழிலுக்கு நுழைவே முதுகலைப் பட்டம்தான். வேற பாடம் படிச்சவங்களும் அடிப்படைத் தாள்களை எழுதி முடிச்சுட்டு உள்ள வரலாம். அந்த நாட்டுப் பேச்சு-மொழி-கேட்டல் சங்கமான ஆஷாவோட சான்றிதழுக்கு 400 மணி நேர கிளினிக், அதுல 25 மணி வெறும் பார்வை, 375 மணி நேரடி வேலை. அப்புறம் பிராக்சிஸ் தேர்வு. அதுக்கு மேல 36 வாரம், 1,260 மணி நேரம் மேற்பார்வையில வேலை. அங்க ஆடியாலஜிக்கு முனைவர் நிலைப் பட்டம் வேணும், அதைக் கலந்து குழப்பிக்காதீங்க. பிரிட்டன்ல சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தற எச்.சி.பி.சி.யோட பதிவு வேணும். ஐ.இ.எல்.டி.எஸ். இங்கிலீஷ் தேர்வுல மத்த மருத்துவத் துணைத் துறைகளுக்கு 7 போதும்னா, நம்ம துறைக்கு 8 கேட்கறாங்க.

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து சங்கங்களுக்குள்ள ஒருத்தர் தகுதியை ஒருத்தர் ஏத்துக்கற ஒப்பந்தம் இருக்கு. இந்தியா அதுல இல்ல. அதனால இங்க படிச்ச எம்.எஸ்சி.யை வெச்சு அங்க போறதும், அங்க படிச்சுட்டு இங்க வர்றதும் தானா நடக்காது. திரும்பி வந்து ஊட்டியிலயோ குன்னூர்லயோ கிளினிக் போடணும்னு எண்ணம் இருந்தா, கிளம்பறதுக்கு முன்னாடியே அந்தப் பட்டத்தை இங்க பதிவு செய்ய என்ன வழின்னு ஆர்.சி.ஐ.க்கு எழுதிக் கேட்டு, பதிலைக் கையில வாங்கி வெச்சுக்கங்க.

பணம். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்ள இருந்தா, போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. வெளிநாடு போக நினைக்கற பழங்குடிப் பிள்ளைகளுக்கு மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தோட தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கு. வருஷத்துக்கு 20 பேருக்கு. அதுல பி.வி.டி.ஜி. பிரிவுக்குன்னு தனியா இடம் ஒதுக்கியிருக்காங்க. ஒரு தோடர் பெண்ணோ காட்டுநாயக்கர் பையனோ இதைப் பயன்படுத்தணும்னு எனக்கு ரொம்ப ஆசை. நம்ம படிப்பு அவங்க பாடப் பட்டியல்ல வருதான்னு அந்தந்த வருஷ அறிவிப்புல பார்த்துட்டு விண்ணப்பிங்க. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ரெண்டையும் இன்டர்ன்ஷிப் முடியறதுக்கு முன்னாடியே வாங்கிடுங்க. நுழைவுத் தேர்வு அறிவிப்பு வந்ததுக்கு அப்புறம் கூடலூருக்கும் ஊட்டிக்கும் அலைய நேரம் இருக்காது.