ரன் என்றால் ஓடு, அவ்வளவுதானா?

சபையில் இருக்கும் பெரியவர்களுக்கும் முன்வரிசைப் பிள்ளைகளுக்கும் வணக்கம்.

இன்றைக்கு எடுத்துக்கொண்டது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ஒரு சொல்: ரன். ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் 'செற்' என்ற சொல்லுக்குத்தான் மிக நீண்ட விளக்கம் இருந்தது. பிறகு நடந்த திருத்த வேலையில் 'ரன்' அதை முந்திவிட்டது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்! பயப்பட வேண்டாம், அத்தனையையும் சொல்லப் போவதில்லை. மண்டபத்தை ஆறு மணிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நிறையப் பொருள் எங்கள் கையிலேயே இருக்கிறது. மூக்கால் ஓடுகிறது, குழாயில் தண்ணீர் ஓடுகிறது, படம் ஓடுகிறது, யாழ்தேவி ரயில் ஓடுகிறது. இதற்கெல்லாம் அங்கேயும் ரன் தான்.

சரி, சிக்கல் எங்கே? தமிழ்நாட்டில் காரை ஓட்டுவார்கள். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கார் ஓடுவோம். 'மாமாவுக்கு என்ன வேலை?' என்று கேட்டால் 'பஸ் ஓடுறார்' என்போம். அந்தப் பழக்கத்தில் ஒரு பிள்ளை 'மை அங்கிள் ரன்ஸ் எ பஸ்' என்று எழுதினால், மாமா ஸ்டியறிங்கை விட்டு எழும்பி முதலாளி ஆகிவிடுவார். ஆங்கிலத்தில் அதற்கு 'நடத்துகிறார்' என்று பொருள். பருத்தித்துறை வீதியில் பஸ் விட்டு, டிரைவருக்கும் கொண்டக்டருக்கும் சம்பளம் கொடுக்கிறவர் என்றாகிறது. ஓடுகிறவருக்கு 'டிரைவ்ஸ்' வேண்டும். கார் என்றால் இன்னும் வேடிக்கை. 'ஐ கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்' என்கிறவருக்கு நன்றாகவே ஓடத் தெரிந்திருக்கலாம். பெற்றோல், காப்புறுதி, கராச் செலவுதான் கட்டுப்படியாகவில்லை.

பின்னால் ஒட்டும் சின்னச் சொல்லையும் பாருங்கள். சுன்னாகம் சந்தையில் பழைய ஆசிரியரைத் தற்செயலாகக் கண்டாலும் 'ரன் இன்டு', வான் போய் மதிலில் மோதினாலும் 'ரன் இன்டு'. சீனி முடிந்தாலும் பொறுமை முடிந்தாலும் 'ரன் அவுட் ஒஃப்'. தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார், பிரிட்டிஷ்காரர் நிற்பார். எங்கள் ஆட்களும் நிற்கிறவர்கள்தான். வென்ற பிறகு எங்கே ஓடுகிறார்கள் என்பது வேறு கூட்டத்துக்கான தலைப்பு.

அப்புறம் கிரிக்கெட். சென்ற்றல் கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் 'வடக்கின் பெருஞ்சமர்' 1904இல் தொடங்கிய ஊர் இது. 'ரன்ஸ்' தெரியாத பிள்ளை இங்கே இல்லை. சென்ற்றலோ, சென். ஜோன்ஸோ, உங்கள் ஆள் ஐம்பது அடித்தால் 'ஹீ ஹாஸ் கொட் ரன்ஸ்' என்று தாராளமாக எழுதுங்கள். இடையில் ஒரு 'த' போட்டு 'ஹீ ஹாஸ் கொட் த ரன்ஸ்' என்று எழுதினீர்களோ, பொடியனுக்கு வயிற்றோட்டம். ஜீவனி உப்புத்தூளைக் கரைத்துக் கொடுக்க வேண்டியதுதான்.