ரத்தம் கொடுக்கப் போனேன், பிரஷரோடு திரும்பினேன்

வணக்கம் மக்களே. இன்றைக்கு ஊர் சுற்றல் கிடையாது, பிரியாணிக் கடையும் கிடையாது. மேசைமேல் தெரிகிறதே பிரஷர் பார்க்கும் இந்தச் சின்ன மிஷின், இதன் கதைதான்.

போன வருஷம் அலுவலகத்தில் ரத்த தான முகாம் நடந்தது. எனக்கு அப்போது 29 வயது. சேவை மனப்பான்மை என்றெல்லாம் அளக்க மாட்டேன். ஜூஸ் கிடைக்கும், ஒரு மணி நேரம் வேலையிலிருந்து தப்பிக்கலாம், அவ்வளவுதான். நர்ஸ் அக்கா கையில் பட்டையைச் சுற்றி அளந்தார். "தம்பி, மாடிப்படி ஏறி வந்தீங்களா?" என்றார். லிஃப்டில்தான் வந்தேன் என்றேன். பத்து நிமிஷம் உட்கார வைத்து மறுபடி அளந்தார். 154க்கு 98. ரத்தம் கொடுக்க மேல் அளவு 140ஐயும் கீழ் அளவு 90ஐயும் தாண்டக்கூடாதாம். பிஸ்கட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வீட்டில் சொன்னால் அம்மா, "இந்த வயசுல பிரஷரா? மிஷின் கெட்டுப்போயிருக்கும்" என்றார். நானும் நம்பத்தான் ஆசைப்பட்டேன். தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. பிரஷர் என்றால் கோபக்காரப் பெரியப்பாக்களுக்கு வருவது என்றுதானே நாம் வளர்ந்திருக்கிறோம்? ஆனால் அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே மாத்திரை ஆரம்பித்தது, தாத்தாவும் பக்கவாதத்தில்தான் படுத்தார். அது ஞாபகம் வந்ததும் டாக்டரிடம் போய்விட்டேன்.

அவர் முதலில் செய்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இரண்டு தொடை இடுக்கிலும் விரல் வைத்து நாடி பார்த்தார். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக் குழாயான பெருந்தமனி பிறவியிலேயே ஓரிடத்தில் குறுகியிருந்தால் கையில் அழுத்தம் ஏறி இருக்கும், காலில் நாடி மெலிந்திருக்குமாம். சின்ன வயதில் பிரஷர் என்றால் சிறுநீரகம், அதற்குப் போகும் ரத்தக் குழாய், அட்ரினல் சுரப்பி, தைராய்டு என்று ஒளிந்திருக்கும் காரணத்தையும் தேட வேண்டும். பெரும்பாலோருக்கு எதுவும் சிக்காது. எனக்கும் சிக்கவில்லை.

அப்புறம்தான் விசாரணை. குறட்டை உண்டா? தெரியாது என்றேன். ஒரே அறையில் படுக்கும் தம்பி போனில் பதிவு செய்தே வைத்திருந்தான், துரோகி. குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று நின்று வந்தால் அதுவும் பிரஷரை ஏற்றும். எடை? மூன்று வருஷ நைட் ஷிஃப்டில் 11 கிலோ, முக்கால்வாசி தொப்பையில். மாத்திரை ஏதாவது? இல்லை சார். வலி மாத்திரை? அது... முதுகு வலிக்கு வாரம் நாலைந்து. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியானவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைத்து அழுத்தத்தை ஏற்றும். சில மூக்கடைப்பு மாத்திரைகள், ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரைகளும் அப்படித்தான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிப் போடுவதை நாம் மாத்திரைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, பாருங்கள். இதைப் பார்க்கும் அக்கா தங்கைகளுக்கும் ஒன்று: கர்ப்பத்தின்போது பிரஷர் வந்து, பிள்ளை பிறந்ததும் சரியாகிவிட்டது என்று மறந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் திரும்ப வர வாய்ப்பு அதிகம்.

உப்புக்கு வருகிறேன். சோற்றில் உப்புப் போட்டுத்தானே சாப்பிடுகிறாய் என்று திட்டு வாங்கி வளர்ந்த ஆட்கள் நாம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே என்கிறது, அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூன்கூட வேண்டாம். ஒருநாள் நான் கணக்குப் பார்த்தேன். சாம்பார் வரை போகவே தேவைப்படவில்லை. தயிர் சாதத்துக்கு நார்த்தங்காய், பக்கத்தில் மோர்மிளகாய், ராத்திரி இரண்டு மணிக்குப் பாக்கெட் நூடுல்ஸ். அம்மா உடனே இந்துப்பு வாங்கி வைத்தார். அதுவும் சோடியம் குளோரைடுதான் அம்மா, நிறம்தான் ரோஸ்.

வலி மாத்திரை நின்றது, ஐந்து கிலோ இறங்கியது, அப்படியும் முழுக்கச் சரியாகவில்லை. அதனால் தினம் ஒரு மாத்திரை போடுகிறேன். ஆரம்பித்தால் விட முடியாது என்று பயமுறுத்தினவர்களிடம், பக்கவாதம் வந்தாலும் லேசில் விடாது என்று சொல்லிவிட்டேன்.

சரி, இப்போது அளக்கிறேன். காபி குடித்து அரை மணியாவது ஆகியிருக்க வேண்டும். பாத்ரூம் போய்வந்துவிட்டேன். முதுகு சாய்ந்திருக்கிறது, கால்மேல் கால் போடவில்லை, பட்டை சட்டைமேல் அல்ல, வெறும் கையில், நெஞ்சு மட்டத்தில். கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால் அளவு கூட்டிக் காட்டும், பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள். வீட்டில் எடுக்கும் அளவின் சராசரி 135க்கு 85ஐத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். முக்கியமாக, அளக்கும்போது பேசக்கூடாது, பேசினால் ஏறும். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஐந்து நிமிஷம் சும்மா இருக்கப்போகிறேன், வீடியோவில் வெட்டிவிடுகிறேன்.

...

132க்கு 84. ஒரு நிமிஷம் விட்டு இன்னொன்று. 128க்கு 82. இரண்டையும் நோட்டில் எழுதிக்கொள்கிறேன். செவ்வாய், காலை 7.10. அம்மா இட்லிக்குக் கூப்பிடுகிறார், வருகிறேன்.