ஒரு சின்ன மேடும் கொஞ்சம் ஆக்சிஜனும்

எல்லோருக்கும் வணக்கம்.

திரையில் தெரிவது ஸ்விக்கி 18 என்ற குள்ள விண்மீன் மண்டலத்தின் நிறமாலை, அதாவது அதன் ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த வரைபடம். 486.1 நானோமீட்டரில் ஓங்கி நிற்பது ஹைட்ரஜன். அதற்குச் சற்று இடப்பக்கம், 468.6-ல், ஒரு சின்ன மேடு இருக்கிறது, பாருங்கள். அவசரமாகப் பார்த்தால் இரைச்சல் என்று தாண்டிப் போய்விடுவோம். நான் பேச வந்ததே அந்த மேட்டைப் பற்றித்தான்.

இரண்டு எலக்ட்ரான்களையும் இழந்த ஹீலியம், ஒன்றைத் திரும்பப் பிடிக்கும்போது எழும் ஒளி அது. ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிடுங்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். ஹீலியத்தின் இரண்டாவது எலக்ட்ரானுக்கு 54.4 வேண்டும். பெரிய, சூடான இளம் விண்மீன்கள்கூட அவ்வளவு கடுமையான கதிரைக் கொஞ்சமாகத்தான் தரும்.

சரி, இங்கே மட்டும் அது எப்படி வந்தது? சூரியனில் உள்ள ஆக்சிஜன் விகிதத்தில் சுமார் 3 சதவீதம்தான் இங்கே இருக்கிறது. ஹீலியத்தைவிடக் கனமான தனிமம் எதுவானாலும் வானியலில் அதற்கு உலோகம் என்றே பெயர். ஆக்சிஜனும் அதில் சேர்த்தி. இரும்பு போன்றவை விண்மீனின் மேலடுக்கில் புற ஊதாக் கதிரை விழுங்கிவிடும். அந்தக் கதிர் தள்ளுவதால்தான் விண்மீன் காற்றும், அதாவது விண்மீனிலிருந்து வெளியே பாயும் வாயுவும், வீசுகிறது. உலோகம் குறையக் குறையக் காற்று தளர்கிறது. விண்மீன் கச்சிதமாகவும் சூடாகவும் இருக்கிறது. கடுமையான கதிர் கூடுதலாக வெளியேறுகிறது.

சுற்றியுள்ள வாயுவின் கதையும் இதோடு ஒட்டியதே. வாயு தன் வெப்பத்தைப் பெரும்பாலும் ஆக்சிஜனின் ஒளிக்கோடுகள் வழியாகத்தான் கொட்டும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெப்பம் உள்ளேயே தங்கிவிடும். நம் மண்டலத்தில் விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகமான ஓரியன் நெபுலாவின் வாயு 10,000 கெல்வினை ஒட்டியது. இங்கே ஏறக்குறைய இரு மடங்கு. நாம் ஆக்சிஜனை அளப்பதும் இந்த வெப்பநிலையை வைத்துத்தான். ஆக்சிஜனின் கோடுகளில் 436.3-ல் உள்ள மெல்லிய கோட்டை 500.7-ல் உள்ள பெரிய கோட்டோடு ஒப்பிட்டால் வெப்பநிலை கிடைக்கும். அதைத் தப்பாகக் கணித்தால் ஆக்சிஜன் அளவும் தப்பிவிடும்.

இவ்வளவு சொல்லியும் அந்த மேடு முழுதாக அடங்கவில்லை. தனி விண்மீன்களின் வழக்கமான கணிப்பு மாதிரிகள் தரும் கதிர் அதற்குப் பற்றவில்லை. எக்ஸ் கதிர் இரட்டைகள் (துணை விண்மீனின் வாயுவை இழுத்து எக்ஸ் கதிர் வீசும் கருந்துளை அல்லது நியூட்ரான் விண்மீன் கொண்ட ஜோடிகள்), துணை விண்மீனால் உரிக்கப்பட்ட விண்மீன்கள், அதிர்ச்சி அலைகள் என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒரே காரணம் எல்லா மண்டலங்களுக்கும் பொருந்தும் என்று நான் நம்பவில்லை.

பிரபஞ்சத்தின் முதல் 100 கோடி ஆண்டுகளில், மண்டலங்களுக்கு இடையே கிடந்த ஹைட்ரஜனின் எலக்ட்ரானைப் பிடுங்கி அயனியாக்கியதில் பெரும்பங்கு இப்படி உலோகம் வற்றிய சிறு மண்டலங்களுடையது என்று பலரும் கருதுகிறோம். 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியில் அவை பெரும்பாலும் மங்கிய புள்ளிகள்தான். ஸ்விக்கி 18 இருப்பதோ சுமார் 6 கோடி ஒளியாண்டில். அந்த மேடு மண்டலத்தின் எந்த மூலையிலிருந்து எழுகிறது என்று இங்கே இடம் பிரித்துப் பார்க்க முடியும்.