சராசரி 7தான், நெஞ்சு ஏன் படபடக்கிறது?

[திரையில்: லேப் ரிப்போர்ட், பக்கத்தில் டவரா டம்ளர்]

சுகர் நோயாளிக்கு எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனையில் 7 என்று ரிப்போர்ட் வந்துவிட்டால், கும்பகோணத்து வீடுகளில் அன்றைக்கு டிகிரி காபியில் சர்க்கரை அரை ஸ்பூன் கூடும். அந்த எண்ணில் தப்பில்லை. ஆனால் அது கடந்த 2, 3 மாத ரத்தச் சர்க்கரையின் சராசரி மட்டுமே. கல்லணையில் திறந்த தண்ணீரைச் சராசரி போட்டால் கணக்கு சரியாக வரும். ஒரு வாரம் வாய்க்கால் காய்ந்து, மறுவாரம் வயல் மூழ்கியிருந்தால் சம்பாவுக்கு அந்தச் சராசரியால் என்ன லாபம்? சுகரும் இப்படி ஏறி இறங்கலாம். அதிலும் இறக்கம்தான் இதயத்தை உடனே பிடித்து ஆட்டும்.

[திரையில்: நடவு வயல், காலை 11 மணி]

மன்னார்குடிப் பக்கம் ஒருவர் கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை போட்டுக்கொண்டு நடவுக்குக் கிளம்புகிறார். ஆள் வந்துவிட்டதால் சாப்பாடு தள்ளிப்போகிறது. இந்த மாத்திரை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். சாப்பிட்டாரா இல்லையா என்று பார்க்காது. டெசிலிட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் லோ சுகர். 54க்குக் கீழே என்றால் நிலைமை மோசம். உடம்பு அட்ரினலினைக் கொட்டுகிறது. வியர்வை, நடுக்கம், படபடப்பு எல்லாம் அதன் வேலை. அவரோ வெயில் தாங்கவில்லை என்று வரப்பில் உட்கார்ந்துவிடுகிறார்.

[திரையில்: ஈசிஜி கோடு]

உள்ளே இன்னொன்றும் நடக்கிறது. இன்சுலினும் அட்ரினலினும் ரத்தத்தில் உள்ள பொட்டாசியத்தைச் செல்களுக்குள் தள்ளுகின்றன. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத் தசையின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். பொட்டாசியம் குறைந்தால் அதற்கு நேரம் பிடிக்கும். ஈசிஜியில் அந்த நேரத்தைக் காட்டும் க்யூடி இடைவெளி நீண்டு தெரியும். அப்போதுதான் தாளம் தவறிய துடிப்புகள் வர வாய்ப்பு கூடுகிறது.

ராத்திரி லோ வேறு மாதிரி. 2014இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்றில், இன்சுலின் போடும், இதய நோய் அபாயமுள்ள 25 டைப் 2 நோயாளிகளுக்குச் சுகர் சென்சாரையும், இதயத் துடிப்பை மணிக்கணக்கில் பதியும் ஹோல்டர் கருவியையும் சேர்த்து மாட்டிப் பார்த்தார்கள். தூக்கத்தில் சுகர் இறங்கியபோது துடிப்பு மெதுவாவதும், நடுவில் கூடுதல் துடிப்பு விழுவதும் அதிகமாக இருந்தன. சின்ன ஆய்வுதான். இருந்தாலும் அலட்சியம் செய்ய முடியாது, ஏனென்றால் பலருக்கு அந்த நேரத்தில் முழிப்பே வருவதில்லை. காலையில் தலைவலி, நனைந்த பனியன், ராத்திரி முழுக்கக் கெட்ட கனவு: இவற்றை வைத்துத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சுகர் பல வருஷம் கூடியே இருந்தால், இதயத்துக்குப் போகும் நரம்புகள் சேதமாகும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100ஐத் தாண்டலாம். லோ வந்தாலும் படபடப்பு தெரியாமல் போகலாம். மெட்டோப்ரோலால் போன்ற பீட்டா பிளாக்கர் (பிரஷருக்கும் இதயத்துக்கும் தரும் மாத்திரை) சாப்பிடுகிறவர்களுக்கும் படபடப்பு அமுங்கிவிடும். வியர்வை மட்டும் காட்டிக்கொடுக்கும்.

[திரையில்: குளுக்கோமீட்டர்]

சரி, படபடப்பு வந்தால் என்ன செய்வது? முதலில் சுகர் பாருங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ், அல்லது 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். 15 நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். திருவையாறு அசோகா அல்வா இதற்கு ஆகாது. அதிலுள்ள நெய், சுகர் ஏறுவதைத் தாமதப்படுத்தும். (ஆசைப்படுவது புரிகிறது.) வோக்லிபோஸ் என்ற சுகர் மருந்து சேர்ந்த மாத்திரை சாப்பிட்டால் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும், குளுக்கோஸ் பவுடரே வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு லோ வருவது அபூர்வம்.

சுகர் சரியாக இருந்தும் படபடப்பு என்றால், நேரத்தைக் குறித்துக்கொண்டு போய் மருத்துவரைப் பாருங்கள். கிளினிக் ஈசிஜி சில நொடிகளைத்தான் பிடிக்கும், அதனால் ஹோல்டர் தேவைப்படலாம். ஏகாதசி விரதம் இருப்பவர்கள் மாத்திரை, இன்சுலின் அளவை முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் உடனே 108. நினைவில்லாதவர் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும்.